வெள்ளிக்கிழமை இரண்டு நாற்பது

சுப்ஹானுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தைந்து வருடத்தை அவர் ஏதோ ஒரு நெருப்புக்கு முன்னால்தான் கழித்திருக்கிறார். முதலில் பொந்தியானில் அத்தாவின் சாப்பாட்டுக்கடை அடுப்பு. மூத்தவன் ரபீக்குக்கு வியாபாரம் வரும், இளையவனுக்கு அடுப்பை விட்டால் ஒன்றும் வராது என்று அத்தா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பிறகு ஆயர் ஈத்தாமில் ஒரு பானைத் தொழிற்சாலைச் சூளை. எட்டு வருடம் அங்கே வெந்தார். அப்போதுதான் ஜொகூர் பாருவை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகம் உலை பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. ஆயிரம் டிகிரி பார்த்திருக்கிறீர்களா என்று நேர்காணலில் கேட்டார்கள்.

"ஆயிரத்து எரநூறு பாத்திருக்கேன் டாக்டர். உள்ள இருந்த பூன பொம்ம ஒண்ணுகூட ஒடையல."

வேலை கிடைத்துவிட்டது. கேள்வி கேட்டவர் விஜயேந்திரன். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், இவர் பேராசிரியராகிவிட்டார். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இதுவரை யாரும் செய்யாத ஆக்சைடுகளைச் சமைத்துப் பார்ப்பது அவருடைய ஆய்வுக்கூடத்தின் வேலை. சமைப்பது என்று சும்மா சொல்லவில்லை. பொடிகளை நிறுத்து, குட்டிக் கல்லுரலில் மணிக்கணக்கில் அரைத்து, சட்டைப் பொத்தான் அளவு வில்லையாக அழுத்தி, உலையில் வேகவைத்து, மறுபடி அரைத்து, மறுபடி வேகவைப்பார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது ஊருக்குப் பழமொழி. இந்த அறையில் அது சட்டம்.

எதற்கு இவ்வளவு பாடு? மின்சாரம் எந்தக் கம்பியில் போனாலும் வழியில் கொஞ்சம் வீணாகும், கம்பி சூடாகும். ஆனால் சில ஆக்சைடுகளை நன்றாகக் குளிரவைத்தால் அந்தத் தடை சுத்தமாகக் காணாமல் போய்விடும். அவற்றுக்கு மீக்கடத்தி என்று பெயர். சுப்ஹான் அதைத் தனக்குப் பிடிபட்ட மாதிரி புரிந்துகொண்டார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பாலத்தில் விடியற்காலையில் முட்டிக்கொண்டு நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் அத்தனையும் திடீரென்று ஒன்றையொன்று உரசாமல் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி.

முதன்முதலாக ஒரு வில்லையைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து அதன் மேல் காந்தத்தை விட்டபோது காந்தம் அந்தரத்தில் நின்றது. சுப்ஹான் அதன் அடியில் காகிதம் விட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் ஊதிப் பார்த்தார். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று ஏழு தரம் காட்டச் சொன்னார். டாக்டருக்கே பொறுமை போய்விட்டது. தடையில்லாமல் ஓடுகிற மின்சாரம் எங்கேதான் போய் நிற்கும் என்று அன்று கேட்ட கேள்வியை இருபது வருடமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டர் ஒவ்வொரு வருடமும் ஒரு பதில் சொல்வார். ஒன்றும் அவருக்குத் திருப்தி இல்லை.

தேன்மொழி குளுவாங்கிலிருந்து முனைவர் படிப்புக்கு வந்தவள். அவளுடைய கலவையில் பேரியம், கால்சியம், தாமிரம், நாலாவதாக அவளே யோசித்துக் கண்டுபிடித்த இன்னொரு உலோகம் ஒரு சிட்டிகை. 2024 ஆகஸ்டில் ஒரு வில்லை, அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று. மூன்றிலும் மின்தடை திரவ நைட்ரஜனின் குளிருக்கும் சற்று மேலேயே சடாரென்று விழுந்து பூஜ்யத்தில் படுத்துவிட்டது. அந்தக் கலவை எந்தப் பட்டியலிலும் இல்லை. டாக்டர் தன் வழக்கத்துக்கு மாறாக எல்லாருக்கும் கறி அடைத்த கரிபாப் வாங்கிக் கொடுத்தார். கட்டுரை எழுதி அனுப்பினார்கள்.

ஜனவரியிலிருந்து பிடித்தது சனி. அதே பொடி, அதே உலை, அதே தேன்மொழி. வில்லை கருகருவென்று அழகாகத்தான் வரும். குளிரவைத்தால் மின்தடை கொஞ்சம் இறங்கும், பிறகு வீம்பு பிடித்த மாடு மாதிரி நின்றுவிடும். மே மாதத்துக்குள் பதினொரு வில்லைகள், பதினொன்றும் தோல்வி. கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர்கள் மறுபடி செய்துகாட்டச் சொல்லி எழுதிவிட்டார்கள். ஜூலைக்குள் முடியாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பப் பெற்றால் படிப்பு தள்ளிப்போகும் என்பது சின்ன விஷயம். அந்தப் பெண் எண்களை இட்டுக்கட்டினாள் என்று நாலு பேர் சொல்வார்கள். இந்தத் தொழிலில் அந்தப் பேச்சு ஒருமுறை ஒட்டினால் உரித்தாலும் போகாது.

என்னவெல்லாம் பார்த்தார்கள்! பொடியை வேறு இடத்தில் வாங்கினார்கள். உரலை அமிலத்தில் கழுவினார்கள். உலையின் வெப்பமானியைக் கழற்றிப் புதிது போட்டார் சுப்ஹான். போன வருடம் அரைக்கும்போது தான் போட்டிருந்த கையுறையின் நிறம்வரை தேன்மொழி யோசித்துப் பார்த்தாள். கடைசியில் டாக்டர் உலைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். சிவப்பு அட்டை போட்ட பெரிய புத்தகம் அது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், என்ன வாயு, எப்போது உள்ளே வைத்தது, எப்போது வெளியே எடுத்தது, எல்லாம் சுப்ஹான் கையெழுத்தில் இருக்கும். அவள் எதிரிலேயே டாக்டர் கேட்டார்.

"புக்ல எழுதுன மாதிரிதானே செஞ்சீங்க?"

"அப்படியேதான் டாக்டர்."

சொல்லும்போது அவர் தெரிந்து பொய் சொல்லவில்லை. சொல்லப்போனால், தான் சொன்னது பொய் என்று அவருக்கே தெரியாது.

இங்கே ஜொகூரின் கிழமைக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். பத்து வருடமாக இந்த மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2025 பிறந்ததும் அது சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. வில்லையின் கடைசிச் சமையல் எப்போதும் விடுமுறைக்கு முந்திய நாளில் ஆரம்பிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு ஆக்சிஜனைத் திறந்து உலையை ஏற்றிவிட்டுப் போவார்கள், இரவில் வெந்து அது தானே மெல்ல ஆறும். குழாய் உலையின் மறுமுனை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் முங்கியிருக்கும். குமிழி வந்தால் வாயு ஓடுகிறது என்று அர்த்தம். மறுநாள் நண்பகலில் ஆக்சிஜன் தானாக நிற்கும். முன்பு வியாழன் வைத்து ஞாயிறு காலை எடுத்தார்கள், இப்போது வெள்ளி வைத்துத் திங்கள் காலை எடுக்கிறார்கள். கிழமைதான் வேறு, மணிக்கணக்கு ஒன்றே என்று டாக்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. சுப்ஹான் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பினார். மோட்டார் சைக்கிளை ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஆங்சானா மரத்தடியில் நிறுத்தினார். மாடி ஏறினார். உள்ளே நுழைந்ததும் அவர் கை தானாகப் போய் ஒரு கண்ணாடி ஜாடியின் மூடியைத் திறந்தது. அடியில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட ஜாடி அது. வில்லைகளைக் கெடாமல் வைப்பதற்கு.

எதற்குத் திறந்தோம்? உள்ளே வைக்க அவர் கையில் ஒன்றுமில்லை. உலை இன்னும் ஏறவே இல்லை, சாயங்காலம்தான் ஆரம்பம். மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மனசுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கிறது.

பத்து வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் இதைத்தான் செய்திருக்கிறார். விடுமுறைதான், ஆனால் பள்ளிவாசல் பக்கத்தில் வண்டி நிறுத்த இடமிருக்காது என்று இந்த மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து போவார். தொழுது, பக்கத்துக் கடையில் சாப்பிட்டுத் திரும்பினால் மணி இரண்டு நாற்பது. வந்ததுதான் வந்தோம், உலை கை வைக்கும் அளவுக்கு ஆறிவிட்டது, ஆக்சிஜனும் நின்றுவிட்டது என்று வில்லையை எடுத்து ஜாடியில் போட்டுவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை வேலை இலகுவாக இருக்குமே! பதிவேட்டில் மட்டும் 'ஞாயிறு காலை 8.00' என்று எழுதுவார். ஏனென்றால் எங்கேயோ ஒரு கூடத்தில் வாயு சிலிண்டர் விபத்து நடந்த நாளிலிருந்து விடுமுறையில் தனி ஆள் உள்ளே போகக்கூடாது என்று விதி. இரண்டு பேர் வேண்டும், அனுமதிக் கடிதம் வேண்டும். ஒரு வில்லையை எடுக்க இவ்வளவு கூத்தா என்று சாவி கையிலிருந்த சுப்ஹான் நினைத்தார். நினைத்ததோடு அதை மறந்தும் போனார்.

இப்போது சனிக்கிழமை யாரும் வருவதில்லை. சனிக்கிழமைகளில் சுப்ஹான் பொந்தியானில் ரபீக்கின் கடையில் பிரியாணிச் சட்டிக்கு முன்னால் நிற்பார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வில்லை குழாய்க்குள்ளேயே கிடக்கிறது. விடுமுறையில் ஏர்கோன் ஓடாது. அறை வேர்த்து வழிகிறது.

அவருக்குள் பயம் பாதி. மீதிப் பாதி என்ன தெரியுமா? ஆசை. அதுதானா என்று தெரிந்துகொள்ளும் ஆசை. வெறும் இரண்டு நாள் ஈரத்தில் ஒரு கல் கெட்டுப்போகுமா? ஆயர் ஈத்தாமில் பானை மழையில் வருடக்கணக்காகக் கிடக்கும், ஒன்றும் ஆகாது. அதே மாதிரி வெந்த சாமான்தானே இதுவும்?

மறுநாள் பொந்தியானுக்குப் போகாமல், ரபீக்கிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, மதியம் இரண்டு நாற்பதுக்குச் சாவியோடு மாடி ஏறினார். வில்லையை எடுத்து ஜாடியில் போட்டார். திங்கட்கிழமை தேன்மொழி அதைக் குளிரவைத்தாள். திரையில் கோடு இறங்கியது, இறங்கியது, விழுந்தது. பூஜ்யம்.

அவள் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுப்ஹானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவருக்கும் கண் கலங்கியது. டாக்டர் ஓடிவந்து, இந்த முறை என்ன வேறாகச் செய்தோம் என்று கேட்டார். தேன்மொழி ஒன்றுமில்லை என்றாள். சுப்ஹானும் ஒன்றுமில்லை என்றார். இந்தத் தடவை தெரிந்தே சொன்னார்.

பாருங்கள், எவ்வளவு சுலபமான வழி! சனிக்கிழமைதோறும் ஒரு நடை வந்து போனால் போதும். வில்லைகள் பிழைக்கும், கட்டுரை பிழைக்கும், பெண் பட்டம் வாங்குவாள். டிசம்பரில் அவருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படும். உண்மையைச் சொன்னால், பதிவேட்டில் பொய் எழுதியவனை எந்த நிர்வாகம் வைத்துக்கொள்ளும்? அடுத்த சனியும் போனார். அந்த வில்லையும் பூஜ்யம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி ஃபாயிஸாவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அன்றைக்கு அவள் பருப்பும் காயும் போட்டுத் தால்ச்சா கிளறிக்கொண்டிருந்தாள். ரபீக்கின் மனைவி ஜாஹிதா சொல்லிக்கொடுத்த பக்குவம் அது. எத்தனை தரம் செய்தாலும் ஜாஹிதா வைக்கிற ருசி வராது. ஒரு சாமானை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டுவிட்டாள் என்று ஆறு வருடமாக ஃபாயிஸாவுக்கு ஆத்திரம். சுப்ஹான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் கரண்டியை நிறுத்தவில்லை. பிறகு அடுப்பை அணைத்தாள்.

"அந்தப் புள்ள எழுதுறதப் பாத்து நாளைக்கு எவனாவது செஞ்சு பாப்பான்ல மச்சான்? அவனுக்கு வராது. அவன் யார வைவான், ஒங்களையா?"

அவள் தட்டில் சோறு போட்டு, தால்ச்சாவை ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களும் ஜாஹிதா மாதிரிதான் பண்றீங்க."

அந்த ஒரு வார்த்தைதான். அவர் அறிந்து ஃபாயிஸா யாரையும் அதைவிடக் கேவலமாகத் திட்டியதில்லை. அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே போய்ப் பதிவேட்டை எடுத்தார். அதில் எதையும் அழிக்கக்கூடாது. தப்பு இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்ட் வில்லை, அக்டோபர் வில்லை, நவம்பர் வில்லை. மூன்று இடத்திலும் 'ஞாயிறு காலை 8.00' மேல் கோடு போட்டார். மூன்று இடத்திலும் 'வெள்ளி மதியம் 2.40' என்று எழுதினார். ஜூன் மாதத்து இரண்டு சனிக்கிழமைகளையும் எழுதினார். ஐந்து கையெழுத்து. பிறகு புத்தகத்தை டாக்டரின் மேசையில் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். தேன்மொழியும் அப்போது உள்ளே வந்தாள்.

டாக்டர் ஐந்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு இது தெரியாத மாதிரி இருக்க முடியாது, சுப்ஹான்."

"தெரியணும்னுதான் கொண்டாந்தேன் டாக்டர்."

தேன்மொழி எட்டிப் பார்த்துப் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று அவர் எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அஞ்சு மாசம் அண்ணே," என்றாள். "நான்தான் ஏதோ பொய்யா அளந்துட்டேனோன்னு என்னையே சந்தேகப்பட்டேன். தூக்கமே இல்ல."

மன்னிச்சிரும்மா என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தார். அவர் அழுதுவிடுவாரோ என்று டாக்டர் பயந்தார். அவரோ வேறு ஒன்றைக் கேட்டார். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், அது எத்தனை மணி நேரத்தில் கெடுகிறது என்று கேட்டார்.

டாக்டருக்குக் கோபத்திலும் அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. அடுத்த ஒரு மாதம் முழுக்க அதைத்தான் பார்த்தார்கள், முறையாக அனுமதி வாங்கி, இரண்டு பேர் வைத்து. ஆக்சிஜன் நின்றதும் நான்கு மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்ல வில்லை. பத்து மணி நேரம் விட்டால் பாதி. ஒரு நாள் விட்டால் ஒன்றுமில்லை. ஆக்சிஜன் நின்றபின் உலையின் மிச்சச் சூடு ஆறும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்குகிறது, தண்ணீர்ப் போத்தலின் ஈரத்தை மெல்ல உள்ளே இழுக்கிறது, அந்தக் கலவையின் பேரியம் ஈரத்தைக் கண்டால் விடாது என்று டாக்டர் விளக்கினார். குமிழி வருகிறதா என்று பார்ப்பதற்காகச் சுப்ஹானே வருடக்கணக்காக நிரப்பிவந்த போத்தல் அது. அடக் கிரகசாரமே என்று தலையில் அடித்துக்கொண்டார். பானைக்கு இந்தக் குணம் இல்லையே என்று ஆச்சரியமும் பட்டார்.

விசாரணை இரண்டு தடவை நடந்தது. டாக்டர் அவருக்காக ஒரு கடிதம் எழுதினார், ஆனால் தப்பை மறைத்து எழுதவில்லை. சாவி போயிற்று. உலை போயிற்று. டிசம்பர் வரை கீழ்த்தளத்துச் சாமான் கிடங்கில் வேலை, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். முப்பத்தைந்து வருடத்தில் முதன்முறையாக நெருப்பு இல்லாத அறையில் உட்கார்ந்தார். ஏர்கோன் குளிருக்கு ஃபாயிஸா ஒரு ஸ்வெட்டர் கொடுத்தனுப்பினாள். தேன்மொழி கிடங்குக்கு வரவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் வேறு ஆளை அனுப்பினாள். அது அவருக்குச் சாவி போனதைவிட வலித்தது.

அக்டோபரில் ஒரு நாள் காலை அவளே வந்தாள். நீல மணிகள் ஒரு கிலோ வேண்டும் என்றாள். அவர் எடுத்து நிறுத்துக் கட்டும்வரை கவுண்டரில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, எடுக்கும் நேரத்தையும் சேர்த்து வெளிவந்த கட்டுரையைப் பார்த்து ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதே வில்லையைச் செய்தார்கள் என்றாள்.

சுப்ஹானின் கை பாதியில் நின்றது. "வந்துச்சா?"

"மூணு தடவ செஞ்சாங்க. மூணு தடவயும் வந்துச்சு அண்ணே."

அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லச் சொன்னார். முன்பின் பார்க்காத யாரோ, முன்பின் பார்க்காத ஓர் உலையில், எழுத்தை மட்டும் நம்பிச் செய்திருக்கிறார்கள். வந்திருக்கிறது. எத்தனை மணிக்கு எடுத்தார்களாம், அங்கேயும் ஈரம் அதிகமா, போத்தலுக்குப் பதில் என்ன வைத்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கித் தருகிறேன் என்றாள்.

அவசரமாகக் கிடங்குப் பதிவேட்டை இழுத்து, பெயரும் தேதியும் எழுதி, நேரம் என்ற இடத்தில் 10.00 என்று போட்டுவிட்டுப் பொட்டலத்தை எடுத்தாள். சுப்ஹான் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பத்து இல்லம்மா. பத்து பதினேழு."

தேன்மொழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பொட்டலத்தைக் கீழே வைத்தாள். ஒற்றைக் கோடு போட்டு, 10.17 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.